நெடுந்தீவிலிருந்து முள்ளந்தண்டு கிளினிக்குக்கு ஒரு நாள்

முள்ளந்தண்டில் ஒப்பரேசன் செய்தவரை நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை என் மனுசன் மரியதாசை மூன்றாவது முறையாகக் கொண்டுபோனேன். எனக்கு இன்னும் கால் உளைகிறது.

முதலில் எங்கள் பிழை. முதுகு நொந்தபோது வள்ளம் இழுத்த பிடிப்பு என்றே நினைத்தோம். கடலுக்குப் போகிற எல்லாருக்கும் அது உண்டு. ஐந்து மாதம் நல்லெண்ணெய் போட்டு உருவினேன். பின்னேரக் காய்ச்சலையும் மெலிவையும் கவனிக்கவில்லை. "வயிறு வத்தி மாப்பிள்ளை மாதிரி வாறியள்" என்று பகிடி வேறு. ஒருநாள் வலது காலில் செருப்பில்லாமல் வீட்டுக்கு வந்தார். கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. அன்றுதான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் கசம், அதாவது காசநோய் என்றார்கள். அது நெஞ்சில் மட்டும் வரும் என்று நினைத்திருந்தோம். அது இரண்டு முள்ளெலும்பை அரித்து, சீழ் கட்டி, நரம்பை நெரித்திருந்தது. சீழை எடுத்து ஆணியும் கம்பியும் பூட்டினார்கள். நடை வந்தது. வலது பாதம் மட்டும் விறைத்தபடி. உணர்வு வரலாம், வராமலும் விடலாம் என்றார் டொக்டர். விறைத்த பாதத்தோடு ஆடுகிற வள்ளத்தில் நிற்க ஏலாது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

காலை ஆறரைக்குப் படகு, ஒரு மணித்தியாலம். படகின் முன்பக்கம், அணியத்தில் இருக்க வேண்டாம், அலை முதுகில்தான் குத்தும். குறிகட்டுவானில் பஸ், ஆளுக்கு நூற்றெண்பது ரூபாய், ஒன்றேகால் மணித்தியாலம்.

"அக்கா, பின் சீற் காலியாக் கிடக்கு" என்றார் கொண்டக்டர்.

"இவருக்கு முதுகுக்குள்ள கம்பி தம்பி. பின்னுக்கு இருத்தினா குலுக்கத்தில கழண்டிடும், பிறகு உம்மட பஸ்ஸுக்குத்தான் பூட்டவேணும்."

முன் சீற்றில் இருந்தவர் சிரித்துக்கொண்டு எழும்பி இடம் தந்தார்.

கிளினிக்கில் மூன்று மணித்தியாலம் மர வாங்கில் காத்திருந்தோம். டொக்டர் பாதத்தில் பஞ்சால் தடவி, "தெரியுதோ?" என்றார். "இல்லை." அவ்வளவுதான். கசத்துக்குத் தந்த குளிசையைத் தொடரச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் மண்டைதீவு தாண்டியும் மனுசன் தன் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பகிடி வரவில்லை.

இரண்டரைப் படகுக்குத் துறையில் நின்றோம். இடுப்புப் பட்டியைப் பிடித்து அவரை இறக்கப் போனேன்.

"இஞ்சேரப்பா, செருப்பு கழண்டிட்டுது."

"குனிஞ்சு பாத்தனீங்களே? குனியக்கூடாதெண்டு எத்தினைதரம் சொன்னது!"

"பாக்கேல்லை. சீமெந்து சுடுது."

நான் பார்த்தேன். வலது செருப்பு படகுக்கும் துறைக்கும் நடுவில் மிதந்தது.

"தடியால எடுத்துத் தரட்டே அக்கா?" என்றார் படகுக்காரர்.

"விடுங்கோ அண்ணை, போகட்டும்." நான் அவரின் வலது பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகிறவர்களுக்குச் சொல்வது: முதுகு நோ மூன்று கிழமை தாண்டி, காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால் எண்ணெய்ப் போத்தலை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளிசையை ஒருநாளும் விடாதீர்கள். பின்பட்டி வைத்த செருப்புப் போடுங்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது எடுபடவில்லை. "பட்டி என்னத்துக்கு? கழண்டா எனக்குத் தெரியுந்தானே" என்கிறார்.