பதினொரு ராமேசஸ்களும் இரண்டு சித்தையன்களும்

சித்தையனை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். நல்ல மனுஷன், கையில் கலை இருக்கிறது, ஒருத்தரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அப்படிப்பட்டவனுக்காக ஒரு மாதம் நான் பட்ட பாடு இருக்கிறதே, சொல்லி மாளாது.

கடன் கேட்டு வங்கிக்கு விண்ணப்பம் போட்டவர்களின் வீட்டுக்குப் போய், அந்த ஆள் அங்கேதான் இருக்கிறாரா, சொன்ன தொழிலைத்தான் செய்கிறாரா என்று பார்த்துப் படிவம் எழுதிக் கொடுப்பது என் வேலை. பெயர் மோகனப்ரியா, சம்பளம் ஒரு ஏஜென்சியில். வங்கி எதைப் பார்த்தும் பயப்படும். திருப்பிக் கட்ட இவனால் முடியுமா, முடிந்தாலும் கட்ட மனசு இருக்கிறதா என்று இரண்டு பயம். முதல் பயத்துக்குத் தொழிலைப் பார்ப்பார்கள். இரண்டாவதுக்குப் பழைய கடன்களை வைத்து ஒரு மதிப்பெண் வரும். அது எழுநூறுக்குக் கீழே போனால் கதவைச் சாத்திவிடுவார்கள். நடுவில் நேரில் போய்ப் பார்க்க என்னைப் போல ஒருத்தி.

ஆகஸ்ட் மாதம் மைசூர் மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். சந்துக்குள் ஸ்கூட்டரைத் திருப்பவே பத்து நிமிஷம். சித்தையன் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பூக்கடைக்காரம்மா, பொம்மை அண்ணாவா, அவர் அந்தத் தகரக் கொட்டகையில் இருப்பார் என்றாள். ஆளுக்கு நாற்பத்தொரு வயது. ஹனூர் பக்கத்துக் கிராமம். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் ஃபைபர் அச்சு வார்க்கிற வேலை பார்த்துவிட்டு, ஜூனில் அதை விட்டிருந்தான். காரணம் கொட்டகைக்குள் வரிசையாக இருந்தது. பதினொரு தலைகள், எல்லாம் எகிப்து ராஜாக்கள்.

தசராவுக்கு ஒரு தனியார் பொருட்காட்சி. அதில் ராமேசஸ் என்ற பேரில் ஆண்ட பதினொரு பேரையும் எட்டடி உயரத்தில் நிறுத்த வேண்டும் என்று கான்ட்ராக்டர் உதயகுமார் ஆர்டர் கொடுத்திருந்தார். தலை முடிந்துவிட்டது, உடம்பு வார்க்க ரெசின் வாங்கப் பணமில்லை. அதற்குத்தான் மூன்று லட்சம் கடன். நான் சரக்கை எண்ணப் போனேன், அவன் எனக்குச் சரித்திரப் பாடம் எடுத்தான். ரெண்டாவது ராமேசஸ் அறுபத்தாறு வருஷம் ஆண்டவனாம், முன்னால் இருந்தவர்கள் செய்த சிலையிலேயே தன் பேரை வெட்டிக்கொண்டவனாம். எல்லாருக்கும் ஒரே பேராக இருந்தால் குழப்பம் வராதா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பட்டம் கட்டும்போது ஒவ்வொருத்தருக்கும் இன்னொரு பேர் வைப்பார்கள், அதை ஒரு வளையத்துக்குள் செதுக்குவார்கள், அதை வைத்துப் பிரித்துக் கொள்ளலாம் என்று ஒவ்வொரு தலையாகக் காட்ட ஆரம்பித்தான். ஒன்றும் என் வாயில் நுழையவில்லை. ரெசின் நாற்றத்தில் தலை வேறு வலித்தது. படிவத்தை அவசர அவசரமாக நிரப்பிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. மதிப்பெண் ஐந்நூற்று நாற்பது. சித்தையன் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு டிராக்டர் வாங்கி, ஆறு தவணை கட்டிவிட்டு நிறுத்திவிட்டானாம். வங்கி மேனேஜர் அஷ்வினி என்னைக் கூப்பிட்டு அவனிடம் விசாரிக்கச் சொன்னார். போனில் கேட்டேன்.

"நான் டிராக்டர் ஏறுனதே இல்லீங்க மேடம். அது என்ற பெரியப்பன் மவன் சித்தையன் வாங்குனதுங்க" என்றான் சாவகாசமாக.

தலையில் அடித்துக்கொண்டேன். தாத்தா பேர் சித்தையன். பிள்ளைகள் இரண்டு பேரும் தங்கள் மூத்த மகனுக்கு அப்பன் பேரை வைத்திருக்கிறார்கள். பெரியவனின் அப்பா கரியப்பன், இவனுடைய அப்பா காளியப்பன். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு பேரும் கே. சித்தையன். பிறந்த தேதியாவது வேறாக இருக்குமா என்றால், இரண்டு பேரையும் ஒரே நாளில் பள்ளியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். ஹெட்மாஸ்டர் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் போடுகிற ஜூன் ஒன்றாம் தேதியையே இவர்களுக்கும் போட்டு, வருஷத்தையும் ஒன்றாகவே எழுதிவிட்டார். ஊரும் ஒன்று, அஞ்சல் எண்ணும் ஒன்று. டிராக்டர் கடனில் பான் எண் இல்லை. கம்ப்யூட்டர் பார்த்தது, இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. எகிப்துக்காரன் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் செய்து வைத்த ஏற்பாடு நம்மிடம் இல்லை.

அஷ்வினி மேடத்திடம் சொன்னேன். "ஏனு மாடோது, என்ன பண்றது மோகனப்ரியா, சிஸ்டம் ஒத்துக்காது" என்றார். திருத்தச் சொல்லி எழுதலாம், ஆனால் முப்பது நாள் ஆகும். உதயகுமாரோ வெள்ளிக்கிழமைக்குள் ரெசின் வந்து இறங்காவிட்டால் ஆர்டரைப் பெங்களூர் ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். வேலையையும் விட்டாயிற்று, ஆர்டரும் போனால் இவன் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். இரண்டு பேரும் வேறு வேறு ஆள் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வந்தால் தன் அதிகாரத்தில் பார்க்கிறேன் என்று மேடம் இறங்கி வந்தார்.

செவ்வாய்க்கிழமை இவன் கோர்ட் வாசலுக்குப் போய், இருநூறு ரூபாய் கொடுத்துப் பத்திரம் வாங்கி, ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்காமலே கையெழுத்துப் போட்டு வங்கியில் கொடுத்துவிட்டான். மறுநாள் மேடம் அதை என் முன்னால் போட்டார். கோர்ட் வாசலுக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து என்று வருகிறவர்கள். டைப் அடிக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு அவர்களுக்கான பத்திரத்தையே அடித்துக் கொடுத்திருக்கிறார். காளியப்பன் மகன் கே. சித்தையனும், கரியப்பன் மகன் கே. சித்தையனும் ஒரே ஆள்தான் என்று இவனே சத்தியம் செய்திருந்தான்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. படிக்க மாட்டாயா, பதினொரு ராஜாவின் பேர் வாயில் வருகிறது, உன் பேரைப் பார்க்கத் தெரியாதா என்று போனில் பொரிந்து தள்ளினேன். எல்லாவற்றுக்கும் சரிங்க மேடம் என்றான். அதுவும் எரிச்சலாக இருந்தது. பத்திரம் இனி வேண்டாம், அந்த அண்ணனையே நேரில் கூட்டி வரச் சொல்லுங்கள் என்றார் மேடம். வருவானா என்று எனக்கு நம்பிக்கையில்லை. கடன்காரன் எவன் வங்கிப் படி ஏறுவான்?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணன் ஹனூர் பஸ்ஸில் இறங்கி வந்தான். தம்பியைவிடக் கறுப்பு, ஒரு பிடி உயரம், வேட்டி. மேடம் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டிராக்டர் எடுத்தது நானுங்க. மூணு வருசமா மழை இல்லீங்க, கட்ட முடியல" என்றான். அப்புறம் தம்பி பக்கம் பார்க்காமல் சொன்னான்: "வசூலுக்கு வந்தவங்ககிட்ட, சித்தையன் மைசூருக்குப் போய்ட்டான்னு சொன்னதும் நான்தானுங்க."

தம்பி முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு இது புதுசு என்பது தெரிந்தது. போன வருஷம் ரெண்டு பேர் வந்து டிராக்டர் எங்கே என்று வீட்டு வாசலில் சத்தம் போட்டார்கள், ஆள் மாறி வந்துட்டாங்கன்னு நினைச்சேன் என்று மட்டும் சொன்னான். சண்டை பிடிக்கவில்லை. எனக்குத்தான் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல நாக்கு துறுதுறுத்தது.

சொன்னதை எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேடம். அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மேடம் அதையும் தம்பியின் விண்ணப்பத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஒரே வாத்தியார் சொல்லிக் கொடுத்த கையெழுத்து, அச்சு அசலாக ஒன்றாக இருந்தது.

அண்ணன் தாளைத் திரும்ப வாங்கினான். கையெழுத்துக்குக் கீழே தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, கரியப்பன் மகன் பெரிய சித்தையன் என்று எழுதினான். பக்கத்தில் பெருவிரல் ரேகையும் வைத்தான். வசூல்காரர்கள் இனி நேராக அவன் வீட்டுக்குத்தான் போவார்கள். அது தெரிந்துதான் எழுதினான்.

"பெரிய சித்தையனா?" என்றார் மேடம்.

"ஊர்ல அப்படித்தானுங்க. இவன் சின்ன சித்தையன்."

மேடம் கோப்பைப் புரட்டி என் படிவத்தை எடுத்தார். என் பக்கம் திருப்பி வைத்தார். ஆறாவது கட்டம். விண்ணப்பதாரரை அழைக்கும் வேறு பெயர் உண்டா? அதில் ஒரு கோடு போட்டிருந்தேன். தலைவலியில், கேட்காமலே.

பேனாவை எடுத்துக் கோட்டை அடித்துவிட்டு, சின்ன சித்தையன் என்று எழுதித் தேதி போட்டேன். மூன்று மணிக்குப் பணம் ஏறியது. சின்ன சித்தையன் ரெசின்காரருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தான், சரக்கை இன்றைக்கே இறக்கச் சொன்னேன். பில்லில் பேர் என்ன எழுதட்டும் என்று அவர் கேட்டார். முழுசாகச் சொன்னேன்.