செத்த ராஜாவை மூன்று தரம் எழுப்பியவர்

மயிலாப்பூர் கேசவப்பெருமாள் சன்னதித் தெருவில் வெறும் ராஜகோபாலன் என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒன்ஸ்மோர் ராஜகோபாலன் என்று கேளுங்கள், பால்காரன்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். பட்டம் என்னவோ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பெரிய ரசிகர் போலிருக்கிறது என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் மனுஷர் ஏன் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி தரையைப் பார்க்கிறார் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருத்தி அவர் சம்சாரம் விஜயலக்ஷ்மி.

ராஜகோபாலனுக்கு இந்த உலகத்தில் இருந்த ஆஸ்தி அவருடைய குரல் ஒன்றுதான். ஆள் ஒடிசல். குடையை விரித்தாரானால் குடை நடந்துபோகிற மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் கதை வேறு. பாரீஸ் கார்னர் பக்கம் ஒரு கோர்ட்டில் அவர் பெஞ்ச் கிளார்க். வாதி, பிரதிவாதி பெயரைச் சொல்லிக் கேஸைக் கூப்பிடுகிற வேலை. மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாம் தரத்துக்கும் ஆள் வராவிட்டால் எக்ஸ் பார்ட்டி, அதாவது வராதவன் தோற்றான். அவர் கூப்பிட்டதை வராந்தாவில் நின்று டவாலிச் சேவகன் திருப்பிக் கூவ வேண்டும் என்று ஏற்பாடு. ராஜகோபாலன் வந்த நாள் முதல் டவாலி உட்கார்ந்து தூங்க ஆரம்பித்துவிட்டான். ஒருநாள் "வாதி முனுசாமி" என்று இவர் குரல் கொடுக்க, துறைமுகத்தில் ரங்கூன் கப்பலுக்கு ஏறிக்கொண்டிருந்த நாலைந்து முனுசாமிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்து கோர்ட்டில் வரிசையாக நின்றார்கள். இது நடந்தது. இன்னொன்று சொல்வார்கள், நம்புவது அவரவர் இஷ்டம். செத்து ஆறு மாசமான பிரதிவாதி ஒருவர் மூன்றாவது கூப்பாட்டுக்குப் பயந்து வந்து, கூண்டில் ஏறித் தலைகுனிந்து நின்று, வாய்தா வாங்கிக்கொண்டு போனாராம்.

விஜயலக்ஷ்மிக்கு அந்தக் குரலைப் பற்றி ஏகப் பெருமை. "எங்காத்துக்காரருக்குப் பொய் சொல்ல வராது," என்பாள். "பொய்யை மெதுவாச் சொல்லணுமோல்லியோ. இவருக்கு மெதுவாப் பேச வராது."

குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினவர்களெல்லாம் யுத்தம் முடிந்து பட்டணத்துக்குத் திரும்பியிருந்த சமயம். மாம்பலத்தில் பனகல் பார்க்குக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் 'வஜ்ரசேனன் வனவாசம்' என்ற சங்கீத நாடகம் வந்து இறங்கியது. ஒரு மாசம் நடக்கும் என்றார்கள். ஒரு வருஷமாகியும் கொட்டகையில் உட்கார இடமில்லை. ரேஷன் அரிசிக்கு என்று நினைத்துப் பையோடு அந்த க்யூவில் நின்று, நாடகம் பார்த்துவிட்டு, அரிசியில்லாமல் சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

கதை பெரிய கதையில்லை. ராஜ்யத்தை இழந்த வஜ்ரசேன மகாராஜாவைக் காட்டில் பாம்பு கடிக்கிறது. ராணியின் மடியில் தலையை வைத்து 'இன்னும் ஒரு வார்த்தை' என்று முகாரியில் ஒரு பாட்டுப் பாடிவிட்டு அவர் உயிரை விடுகிறார். வஜ்ரசேனனாக வந்தவர் ராயப்பேட்டை பீர் முஹம்மது. அவர் பாட்டை முடித்துக் கண்ணை மூடியதும் கொட்டகை முழுக்க "ஒன்ஸ் மோர்" என்று கத்தும். செத்த ராஜா எழுந்து உட்கார்ந்து சபைக்கு ஒரு கும்பிடு போடுவார். அதே பாட்டை முதலிலிருந்து பாடி மறுபடியும் சாவார்.

இந்த இடத்தில்தான் மயிலாப்பூர் இரண்டாகப் பிளந்தது. ரசிகன் கேட்டால் ராஜா எழுந்திருக்கணும் என்று ஒரு கட்சி. செத்தவன் செத்தவன்தான், எழுந்திருக்கவே கூடாது என்று இன்னொரு கட்சி. லஸ் முனையில் டிராம் ஏறுகிறவர்கள் ஒரு கட்சி முன்பக்கமும் மற்றது பின்பக்கமுமாக உட்கார்ந்தார்கள். ஒருநாள் முன்பக்கம் பாரம் ஏறி டிராமே குடை சாய்ந்தது என்று கேள்வி. பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜி சொஜ்ஜிக்கு முன்னால், "பிள்ளை எந்தக் கட்சி?" என்று கேட்டார்கள்.

கூடாது கட்சிக்குத் தலைவர் ராஜகோபாலன். செத்தவனைக் கோர்ட்டுக்கே வரவழைத்த குரலுக்குச் சொந்தக்காரர் இந்தக் கட்சியில் எப்படிச் சேர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் நாடகத்தைப் பார்த்ததே இல்லை. விஜயலக்ஷ்மி பக்கத்து வீட்டுக் காமாக்ஷியோடு போய்ப் பார்த்துப் பார்த்து, அந்தப் பாட்டைப் பாடாமல் அவளுக்கு அடுப்பில் சாத்தமுது கொதிக்காது என்கிற நிலைமைக்கு வந்திருந்தாள். ஒவ்வொரு தரமும் கண் சிவந்துதான் திரும்புவாள்.

"செத்தவன் எழுந்து வந்து பாடறான். அதுக்கொரு அழுகையா?" என்றார் ராஜகோபாலன்.

"முதல் தரம் அவர் பாட்டுக்குச் சாகறார். ரெண்டாம் தரம் பாடறச்சே, இப்போ சாகப்போறோம்னு அவருக்கும் தெரியறது, நமக்கும் தெரியறது. தெரிஞ்சுண்டே பாடறார். அழுகை அங்கேதான் வரது."

அந்த வார்த்தை அவருக்குள் புண்ணாக உறுத்தியது. அதன்மேல் காமாக்ஷியின் புருஷன் அனந்தராமன் உப்பைத் தடவினார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, எழுந்திருக்கணும் கட்சிக்குத் தலைவர்.

"ஏன்யா, பார்க்காமலே தீர்ப்புச் சொல்றீரே, இதுக்கு உம்ம கோர்ட்டுல என்ன பேர்? எக்ஸ் பார்ட்டிதானே? ஆனா வராதவன் தோக்கணும்னு சட்டம். இங்கே வராதவர் நீர்."

மாடவீதியில் பத்துப் பேருக்கு முன்னால் சொன்னார். சிரித்தவர்களில் கூடாது கட்சிக்காரர்களும் இருந்தார்கள்.

அன்றைக்கே ராஜகோபாலன் மனசுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். கொட்டகைக்குப் போவது. பாட்டு முடிந்ததும் மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள், கோர்ட்டில் கூப்பிடுகிற அதே ராகத்தில் "ஒன்ஸ் மோர்" என்று தான் ஒரு குரல் கொடுப்பது. அந்தக் கூப்பாட்டுக்குச் செத்த ராஜா எழுந்து வந்தாரானால் கொட்டகையே சிரித்துவிடும். ஒரு தரம் சிரித்த இடத்தில் அப்புறம் எவள் அழுவாள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்கும் ஓர் ஆட்டம் உண்டு. "திருவல்லிக்கேணியில சித்தப்பாவைப் பார்த்துட்டு வரேன்," என்றார் விஜயலக்ஷ்மியிடம். மெதுவாகத்தான் சொன்னார். தொண்டை கட்டிக்கொண்டதோ என்று அவள் மிளகுப்பொடி எடுக்க உள்ளே போனாள். அவர் தெருவில் இறங்கிவிட்டார்.

கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிற கபாலி அவரை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா ஐயரே, கொட்டாய்க்குள்ள கொடையப் புட்ச்சிக்கினு போறே? மூஞ்சிய மறைக்கவா? உன் மூஞ்சி யாருக்குத் தெரியப்போவுது. மடக்கிட்டுப் போயி குந்து."

மடக்கி, மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சியில் ஓரமாக உட்கார்ந்தார். நாடகம் நடந்தது. பாம்பு கடித்தது. பீர் முஹம்மது பாடினார். நன்றாகத்தான் பாடினார், அதைக் காதில் போட்டுக்கொள்கிற நிலையில் ராஜகோபாலன் இல்லை. ராஜாவின் தலை சாய்ந்தது. ராணி விசும்ப வாயைத் திறப்பதற்குள் குரல் கிளம்பிவிட்டது.

"ஒன்ஸ்ஸ் மோர்ர்..."

தகரம் அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒருவன், "யாருடா அது, கேஸ் கூப்பிடறது?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். வஜ்ரசேனன் எழுந்தார். குரல் வந்த திக்கைப் பார்த்துத் தனியாக ஒரு கும்பிடு போட்டார். இந்தத் தரம் இன்னும் உருக்கமாகப் பாடி, இன்னும் அழகாகச் செத்தார். சிரித்த நாலு பேரும் மூக்கைச் சிந்தினார்கள்.

அத்தோடு ராஜகோபாலன் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தார். ஆனால் இருபது வருஷமாக மூன்று மூன்று தரமாகவே கூப்பிட்டுப் பழகின வாய் அது. ஒன்றோடு நிற்க அதற்குத் தெரியாது. தலை சாய்ந்ததும், சொந்தக்காரரைக் கேட்காமலே, இரண்டாவது கூப்பாடு போய்விட்டது.

கொட்டகை திடுக்கிட்டது. ஹார்மோனியக்காரர் எட்டிப் பார்த்தார். ஓர் ஆட்டத்துக்கு ஒரு ஒன்ஸ்மோர்தான் வழக்கம். ராணி குனிந்து ஏதோ சொன்னாள், வேண்டாம் என்றிருப்பாள். ஆனால் கேட்ட ஒன்ஸ்மோரை மறுத்ததில்லை என்பது பீர் முஹம்மதுக்கு இருந்த ஒரே கர்வம். எழுந்தார், கும்பிட்டார், பாடினார், செத்தார். நெஞ்சு ஏறி இறங்கியது பெஞ்சிவரை தெரிந்தது. ராஜகோபாலன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது, விரல் இடுக்கு வழியாக வந்தது.

இந்தத் தரம் ராஜா தரையில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். பாட்டு, 'இன்னும் ஒரு வார்த்தை' என்று மேலே ஏறிப்போய் நிற்கவேண்டிய இடத்துக்கு வந்தது. குரல் ஏறியது, காடாத் துணி மாதிரி சர்ரென்று கிழிந்தது. அப்புறம் வெறும் காற்று.

கொட்டகை சிரித்தது. ராஜகோபாலன் எந்தச் சிரிப்பை வேண்டி வந்தாரோ அதே சிரிப்பு. பீர் முஹம்மது நிறுத்தவில்லை. குரலில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து மிச்சப் பாட்டை முடித்து, முறையாகக் கண்ணை மூடினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், சிரிக்காமல் ஒருத்தி எழுந்து நின்றிருந்தாள். அவள் மேடையைப் பார்க்கவில்லை. பெஞ்சி ஓரத்துக் குடையைப் பார்த்தாள்.

வீட்டில் விஜயலக்ஷ்மி இலையைப் போட்டுப் பரிமாறினாள். அன்றைக்குச் சாத்தமுது பாட்டில்லாமலேதான் கொதித்தது.

"சித்தப்பா சௌக்கியமா?" என்றாள்.

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீங்க கூப்பிட்டேள், அவர் வந்தார். மூணு தரமும் வந்தார். உங்க கோர்ட்டுல இந்த மாதிரி வந்தவாளைப் பார்த்திருக்கேளா?"

"வேணும்னு பண்ணலை விஜயம். மொதலாவதுதான் வேணும்னு பண்ணினேன். மத்தது தானா வந்துடுத்து."

"அந்த மொதலாவதைத்தான் நானும் சொல்றேன்," என்று மோர் ஊற்றினாள்.

மறுநாள் கோர்ட்டிலிருந்து நேரே மாம்பலத்துக்குப் போனார். மன்னிப்புக் கேட்க என்ன வார்த்தை என்று எலெக்ட்ரிக் ரயிலில் வழியெல்லாம் ஒத்திகை. கொட்டகைக்குப் பின்னால் பீர் முஹம்மது கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு சூடாகப் பால் குடித்துக்கொண்டிருந்தார். குரல் சுத்தமாக இல்லை. அவர் உதட்டை அசைப்பார், கபாலி காதை வைத்துக் கேட்டுச் சொல்லுவான்.

"நேத்து கூப்பிட்டது நான்தான்," என்றார் ராஜகோபாலன்.

பீர் முஹம்மது பால் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது.

"நைனா இன்னா சொல்றாருன்னா," என்றான் கபாலி, "ஒரே ஆளு மூணு தபா கேட்டது இதான் மொத தபாவாம். அல்லாரும் சேந்து கத்துவாங்கோ, அதுல எவன் நெசமாக் கேட்டான்னு தெரியாதாம். நீ தனியாக் கேட்டியாம். கடேசி தபா கெட்டுப்போச்சே, மன்ச்சுக்கோன்றாரு."

ராஜகோபாலனுக்குக் காது இரண்டும் கொதித்தது. ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. கடைசியில் வந்தது இரண்டே வார்த்தை.

"நன்னாப் பாடினேள்."

மெதுவாகத்தான் வந்தது.

"உனுக்குன்னு முன்னாடி ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்றாரு," என்றான் கபாலி. "நாயித்திக்கெழமை நாயித்திக்கெழமை வந்துடு. டிக்கிட்டு இல்லை."

விஜயலக்ஷ்மியிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். பீர் முஹம்மது இவரிடம் மன்னிப்புக் கேட்டதுவரை சொன்னார். அவள் சொன்னாள்: "அப்போ போய் உட்காருங்கோ. அவர் போட்டுக்குடுத்த நாற்காலியில."

மூன்று வாரம் கொட்டகை மூடியிருந்தது. திறந்த ஞாயிற்றுக்கிழமை ராஜகோபாலன் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்திலே அனந்தராமன். சுருதியைக் குறைத்திருந்தார்கள் என்பது ஹார்மோனியம் எழுந்ததுமே தெரிந்தது. பீர் முஹம்மது பாடினார், தலையைச் சாய்த்தார்.

ஒரு குரலும் எழவில்லை. எழுந்திருக்கணும் கட்சிக்காரர்கள் பாவம் பார்த்துச் சும்மா இருந்தார்கள். மற்றக் கட்சிக்காரர்கள் ஜெயித்துவிட்ட தோரணையில் சும்மா இருந்தார்கள். ராணி விசும்பாமல் காத்திருந்தாள். கும்பிடுவதற்கென்று வைத்திருந்த ராஜாவின் கை தரையில் லேசாக அசைந்து, மறுபடி அடங்கியது. ஒரு வருஷத்தில் முதல் தரமாக வஜ்ரசேனன் நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தார்.

இப்போது வாயைத் திறந்தால் ஊருக்கே யார் குரல் என்று தெரியும். கட்சி போச்சு, தலைமை போச்சு, நாளைக்கு டிராமில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதும் போச்சு. ராஜகோபாலன் எழுந்து நின்றார்.

"ஒன்ஸ் மோர்."

இழுக்கவில்லை. கோர்ட்டு ராகம் இல்லை. சொன்ன கையோடு அங்கவஸ்திரத்தின் நுனியைச் சுருட்டி வாய் கொள்ளுமட்டும் திணித்துக்கொண்டார். இரண்டாவதும் மூன்றாவதும் அந்தத் துணிக்குள்ளேயே முட்டி மோதி அடங்கின. அனந்தராமன் வாயைப் பிளந்து பார்த்தார்.

ராஜா எழுந்தார். முன் நாற்காலிக்கு ஒரு கும்பிடு. பாட்டு அந்த இடத்துக்கு வந்தபோது, ஏறவேண்டிய குரல் ஏறவில்லை. வாசற்படியில் நின்று யோசித்துத் திரும்பிப் போகிறவன் மாதிரி கீழே இறங்கிவிட்டது. சபை ஆஹா என்றது. வேண்டுமென்றே போட்ட புது சங்கதி, பழையதைவிட இதுதான் உசத்தி என்று ஒரு கட்சி. இல்லை, பழையதுதான் என்று இன்னொரு கட்சி. அடுத்த நாளே மாடவீதியில் சண்டை புதிதாகத் தொடங்கிவிட்டது. அது சங்கதி இல்லை, அந்தக் குரல் இனி அங்கே ஏறாது என்பது கொட்டகைக்குள் பீர் முஹம்மதுக்கும் ராஜகோபாலனுக்கும்தான் தெரியும்.

கம்பெனி ஊரைவிட்டுப் போகிறவரை அவர் ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. பட்டமும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கோர்ட்டில் கேஸ் கூப்பிட எழுந்தாலே வக்கீல்கள் புன்னகைப்பார்கள்.

விஜயலக்ஷ்மி மறுபடி அடுப்படியில் பாட ஆரம்பித்துவிட்டாள். பல்லவியெல்லாம் பழையபடியேதான். அந்த இடம் வரும்போது மட்டும், பீர் முஹம்மது இறங்குகிற மாதிரியே அவளும் கீழே இறங்குவாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற ராஜகோபாலன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தரையைப் பார்ப்பார்.