டீசல் போட்டுத் துடைத்த மேடை

என் சொந்த ஊரான சங்ககிரியில் சொந்தபந்தங்களுக்கு முன்னால் நான் ஒரே ஒரு முறைதான் மேடை ஏறினேன்.

நான் ஆடுவது நவீன நடனம். சலங்கை கிடையாது, நகை கிடையாது. பாய்வோம், உருளுவோம், விழுந்து எழுவோம். வெளிநாட்டு அரங்குகளில் எல்லாம் ஆடியாயிற்று. ஆனால் லாரி வைத்திருக்கும் என் அப்பா, "பொண்ணு மெட்ராஸ்ல வேலையா இருக்குதுங்க" என்றுதான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு விருது கிடைத்துப் பேப்பரில் படம் வந்ததும் ஆளே மாறிவிட்டார். கல்யாண மண்டபத்தைப் பிடித்து ஊரையே அழைத்துவிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முந்தைய வருடம் ஒத்திகையில் என் இடது முட்டியில் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இன்னொரு முறை வழுக்கி விழுந்தால் நடக்க மட்டுந்தான் முடியும், ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. வெளியிலும் சொல்லவில்லை. முட்டி போன ஆட்டக்காரியை யார் கூப்பிடுவார்கள்? அதன் பிறகு ஒவ்வொரு பாய்ச்சலுக்கு முன்னும் செத்துப் பிழைத்தேன்.

மண்டபத்து மேடை கிரானைட். அதில் குதித்தால் முட்டி தாங்காது என்பதால், நாங்கள் ஆடும் கறுப்பு ரப்பர் விரிப்பைக் காலையிலேயே அனுப்பியிருந்தேன். சாயங்காலம் வெறுங்காலோடு அதில் ஏறினேன். இடது கால் சர்ரென்று போனது. தூணைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன். குனிந்து தொட்டு முகர்ந்தேன். டீசல்.

"அப்பா, இத ஆருங்க தொடச்சது?"

"நம்ம பட்டறை ஆளுங்கதான் சாமி. ஒரே தூசியா இருந்துச்சு. டீசலத் தொட்டு நாந்தான் நல்லாத் தொடைக்கச் சொன்னேன். புது வண்டியாட்ட மின்னுது பாரு!"

லாரியைப் பளபளப்பாக்க எங்கள் ஊரில் அப்படித்தான் துடைப்பார்கள். அந்த வாசனை அங்கே யாருக்கும் வாசனையாகவே தெரியாது. சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்த்தோம். வழவழப்பு இன்னும் கூடியது.

"வழுக்குதுங்க, எப்படி ஆடறது?" என்றேன்.

பெரியப்பா சிரித்தார். "உழுந்து எந்திரிக்கற ஆட்டந்தானே சாமி, வழுக்குனா என்ன இப்ப?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டுமென்றால் முட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஆடறேனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். இடது முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். முட்டியில் இருந்த என் கையைப் பார்த்துவிட்டு நேராக மைக்கிடம் போனார்.

"இன்னிக்கு ஆட்டம் இல்லீங்க. மேடையக் கெடுத்தது நாந்தான், தப்பு என்னுதுங்க. எல்லாரும் இருந்து சாப்புட்டுப் போட்டுப் போகோணும்."

மண்டபம் சலசலத்தது. பங்காளிகளுக்கு முன்னால் ஒரு நாளும் தலை குனியாத மனிதர் அவர். நான் பதறிப்போனேன். அவர் திரும்பி வந்ததும், "ஏனுங்கப்பா இப்படிச் சொல்லிப் போட்டீங்க?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "எடது முட்டிதானே சாமி? போன்ல உன் ஆட்டம் ஒன்னு உடாமப் பாக்கறேன். ஒரு வருசமா அந்தக் கால்ல பாரமே ஏத்த மாட்டேங்கறயே."

கைதட்டிய அத்தனை ஊரிலும் யார் கண்ணிலும் அது பட்டதில்லை.

"ஆமாங்கப்பா" என்றேன். "ரொம்பப் பயமா இருக்குதுங்க."