அக்காவின் வரிசையும் தம்பியின் கண்ணும்

தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்களிடையே அவருக்கு ‘நியாயம்’ என்று பெயர். லாரிகள் நீர் பிடிக்க முறைபோட்டு நிற்கும் நேரத்தில் எந்தப் பேச்சு எழுந்தாலும் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்க வேண்டும். அதிலும் ஆஸ்பத்திரிப் பேச்சு வந்துவிட்டால் ஆளைக் கையில் பிடிக்க முடியாது.

காரணம் அவருடைய அக்கா. கல்யாணமாகி வேறொரு நாட்டில் குடியேறியவள், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்தாள். அந்த நாட்டில் வைத்தியத்துக்குக் காசு கிடையாது. கட்டுகிற வரியில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் காத்திருக்க வேண்டும். இங்கே நேர்மாறு. காசைக் கட்டினால் அன்றைக்கே பார்த்துவிடுவார்கள்.

அப்பா கடைசிக் காலத்தில் பார்வை போய், சுவரைத் தடவித் தடவி நடந்தவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிற நோய் அது. வலிக்காது, சிவக்காது. பார்வையை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் திருடிக்கொண்டு போகும். நாற்பதுகளின் கடைசியில் அக்கா, தம்பி இருவருக்குமே அதன் அறிகுறி தென்பட்டது. கண்ணாடி மாற்றப் போன கடையில் அக்காவுக்குச் சந்தேகம் சொல்லி, பெரிய மருத்துவரைப் பார்க்க வரிசையில் சேர்த்துவிட்டார்கள். தம்பியோ அக்காவின் விஷயம் தெரிந்த அன்றே தெருமுனைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய், சொட்டு மருந்துப் புட்டியோடு வீடு திரும்பினார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிப் பேச்சில் இதுதான் கச்சேரி.

“உங்க ஊர்ல டாக்டர் வர்றதுக்குள்ள வியாதியே சலிச்சுப்போய்க் கிளம்பிடும்க்கா” என்பார் தம்பி.

“இங்க வரிசை நீளம்தான்டா. ஆனா வாசல்ல நிறுத்தி யாரும் பையைத் தடவிப் பாக்கிறதில்ல” என்பாள் அக்கா. இருவரும் சிரிப்பார்கள். தோற்றதாக இருவருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனது அந்த ஒரே ஒரு தடவைதான். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து பார்வையின் பரப்பை அளந்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அளக்கிற கட்டணத்தைக் கேட்டதுமே அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். மருந்தும் லேசான விலையில்லை. முதலில் தினமும் இரண்டு கண்ணுக்கும் விட்டார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் கண் நன்றாகத்தானே தெரிகிறது என்று காலிப் புட்டியை அலமாரியில் வைத்ததோடு சரி. மனைவி கேட்டால் “போட்டாச்சு” என்பார். அக்கா கேட்டால் இன்னும் சுலபம்: “எனக்கென்ன, நான் என்ன வரிசையிலயா நிக்கிறேன்?”

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. லாரியின் இடப் பக்கக் கண்ணாடி ஒருமுறை மின்கம்பத்தில் உரசி உடைந்தது. இன்னொரு நாள் நிறுத்தியிருந்த சைக்கிள் ஒன்று சக்கரத்தில் சிக்கியது. தெரு குறுகல் என்று இரண்டு தடவையும் தெருவின் மேல் பழியைப் போட்டார்.

பிறகு அந்தக் காலை வந்தது. மார்க்கெட் திருப்பத்தில் லாரியை இடது பக்கம் ஒடித்தார். யாரோ தகரத்தில் ஓங்கி அறைவது போலச் சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்து இறங்கிப் பார்த்தால், காய்கறிப் பையோடு ஒரு நடுவயதுப் பெண் கீழே கிடந்தாள். மணிக்கட்டு மடங்கியிருந்தது. அவள் கத்தவில்லை. “உங்களைப் பாத்துக்கிட்டேதான் நடந்தேன். நீங்களும் என்னைப் பாத்தீங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவர் லாரிக்குத் திரும்பவில்லை. அதே கட்டடத்தின் மாடியில் இருந்த கண் பிரிவுக்கு ஏறினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது கண்ணின் முறை வந்தபோது வெகுநேரம் அழுத்துவதற்கு ஒன்றுமே வரவில்லை. கருவி கெட்டுவிட்டதோ என்றுகூடக் கேட்டார்.

கருவி கெடவில்லை. போன பார்வை திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். இனி லாரி ஓட்டக் கூடாது.

வீட்டில் மனைவி திட்டவில்லை. அலமாரியைத் திறந்து, தூசி படிந்த காலிப் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பிறகு அக்காவும் தன் பங்கைச் சொன்னாள். வரிசையில் நின்ற மாதங்களில் அவளுடைய வலது கண்ணிலும் ஓரம் போய்விட்டது. அடுப்பின் வலப் பக்கம் வைத்த கரண்டி அவளுக்குத் தெரிவதில்லை. முறை வந்தபின் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, மருந்தும் மாதம் தவறாமல் கிடைக்கிறது. ஆனால் முறை வருவதற்குள் போனது போனதுதான்.

“ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா நீ ஜெயிச்சிடுவியேடா.”

ஓட்டுநர் இருக்கை போனபின், நீர் பிடிக்கிற இடத்திலேயே குழாய்களைத் திறந்து மூடுகிற வேலையை முதலாளி கொடுத்தார். சம்பளம் பாதி. மனைவி தையல் வேலையைக் கூட்டிக்கொண்டாள். மருந்தைத் தானே வாங்கி, தினமும் தானே அவர் கண்ணில் விட்டாள். அவர் வாய்வார்த்தையை அவள் இனி நம்பத் தயாராக இல்லை.

இரண்டு மாதம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே துணியில் சுற்றிய இரண்டு மருந்துப் புட்டிகள். இலவசமாகத்தானே கிடைக்கிறது என்று முதலில் அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மனைவிதான் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஒருத்தருக்கு வேணுங்கிறதத்தானே அங்க குடுப்பாங்க? அப்ப உங்க அக்கா எதை விட்டுக்கிறாங்க?”

அவர் உடனே அக்காவைக் கூப்பிட்டார். அவள் முதலில் மழுப்பினாள். பிறகு, வலது கண்தான் ஏற்கெனவே பாதி போயாச்சே, இடதுக்கு மட்டும் விட்டால் போதாதா என்று மெல்லச் சொன்னாள்.

“அதே கணக்கைத்தான் நானும் போட்டேன்க்கா” என்றார் அவர். “உனக்குக் காசில்லாம குடுக்கிறாங்க. அதை வச்சுக்கிட்டும் ஏன் உன் கண்ணை என்னோடது மாதிரி ஆக்கிக்கிற?”

அக்கா கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை மனைவி அந்த இரண்டு புட்டிகளையும் பழையபடி துணியில் சுற்றிக் கொடுக்க, அக்காவுக்கே திருப்பி அனுப்ப அவர் தபால் நிலையத்துக்கு நடந்தார். சாலையைக் கடக்குமுன் நின்று, தலையை முழுதாக இடப் பக்கம் திருப்பிப் பார்த்தார். நம்பிக்கை வராமல் இன்னொரு முறையும் பார்த்தார்.