என் துவக்கின் திறப்பு

கிங்ஸ்பரியில் உள்ள எங்கள் வீட்டுக்குத் துவக்கு லைசென்ஸ் விஷயமாக ஒரு பொலிஸ் அதிகாரி வந்தார். விண்ணப்பித்தவள் நான். கிளப்பில் குறிபார்த்துச் சுடப் பழகியபோது, அங்கே இருந்த துவக்குகள் எல்லாம் ஆறடி ஆண்களுக்கென்று செய்தவை போல நீண்டு கனத்தன. என் தோளுக்குப் பொருந்தும் கட்டையான, பாரமில்லாத பழைய துவக்கு ஒன்றைக் கடையில் மலிவாகப் பார்த்து வைத்திருந்தேன்.

அதிகாரியோ எல்லாவற்றையும் என் கணவரிடமே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துவக்கை வைக்கச் சுவரில் பொருத்தியிருந்த இரும்பு அலுமாரியை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் அவரிடமே, "இதன் திறப்பு எங்கே?" என்றார்.

லைசென்ஸ் உள்ளவரைத் தவிர வீட்டில் வேறு யாருக்கும் அந்தச் சாவி இருக்கும் இடம் தெரியக்கூடாது என்பது விதி. என் கணவரோ, "இஞ்சரப்பா, திறப்பு எங்க?" என்று கத்தாமல் ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை. பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி, "எங்கயப்பா வைச்சனீர்?" என்றார்.

"உங்களுக்குச் சொல்ல ஏலாது" என்று தமிழில் சொல்லி, அதையே ஆங்கிலத்திலும் உரக்கச் சொன்னேன்.

அதிகாரி அப்போதுதான் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

லைசென்ஸ் வந்தது, துவக்கும் வீட்டுக்கு வந்தது. இப்போது வருகிற சொந்தக்காரர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று என் கணவரைத்தான் கேட்கிறார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்: "அது அவவின்ர. திறப்பு எங்கயெண்டு எனக்கே தெரியாது."