பாதியில் நின்ற தொடர்கதை

கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் எனக்குக் கதைக்க ஆளில்லை. கணவர் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். காலை ரயிலில் போனால் பின்னேரம்தான் திரும்புவார். வந்ததும் நூல்நிலையத்தில் எடுத்த ஆங்கிலப் புத்தகத்தோடு சாய்மனைக் கதிரையில் சாய்ந்துவிடுவார். என்மேல் அன்பில்லாதவர் என்று சொல்லமாட்டேன். நான் வாசிக்கிறவள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் நான் வாசித்தவை வாரப் பத்திரிகைக் கதைகள். அவற்றைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

எங்கள் பின்வளவுக்கும் அடுத்த வீட்டு வளவுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். அந்த வீட்டுக்காரருக்குப் புறக்கோட்டையில் புடைவைக் கடை. அவருடைய மனைவியை நான் தூரத்தில் கண்டு சிரித்ததோடு சரி. ஒருநாள் உடுப்புக் காயப்போடும்போது, கல்லில் வைத்திருந்த சென்னைப் பத்திரிகையைக் கடற்காற்று தூக்கிக்கொண்டுபோய் அவர் காலடியில் போட்டது. அவர் குனிந்து எடுத்தார். தருவார் என்று கையை நீட்டினேன். அவரோ நின்ற இடத்திலேயே தாளைப் புரட்டித் தொடர்கதைப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

"இந்தக் கிழமை வந்திட்டா? எங்கட ஊட்டுக்கு இன்னம் வரல்ல," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அப்படித்தான் தொடங்கியது. அவர் என்னைவிட ஒரு பத்து வயது மூத்தவர். அவர்கள் முஸ்லிம்கள்; அவர்கள் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்று அழைப்பார்கள். நானும் தாத்தா என்றேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார். சமையல் முடிந்த பிறகு, அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருமுன், அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக நின்று கதைப்போம். கரையோர ரயில் போகும்போது ஒன்றும் கேட்காது. சொல்லிக்கொண்டிருந்த வசனத்தை அப்படியே வாயில் வைத்திருந்து, ரயில் போனபின் முடிப்போம்.

அந்தத் தொடர்கதையை எழுதியவர் ஒரு பெண்ணின் பெயரில் எழுதினார். பெண்மனம் இவ்வளவு தெரிந்தவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை.

"இது ஆம்புள எழுதுறது, தங்கச்சி. குசினிக்குள்ள ஈக்கிற பொம்புள ஆராவது வந்து கூப்பிட்டா கைய எங்கயாவது தொடச்சிட்டுத்தானே போவா? இவர்ட கதேல ஒருத்தியும் கை தொடக்கிறேல்ல."

நான் வீட்டுக்குள் போய்ப் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். சமையலறையிலிருந்து வரும் ஒருத்தியும் கை துடைக்கவில்லை. பிறகு ஒருநாள் என் கணவரின் நண்பர் ஒருவர், அந்த எழுத்தாளர் மீசை வைத்த ஒரு வக்கீல் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்கு ஏனோ மனம் சோர்ந்துபோனது. தாத்தாவிடம் சொன்னேன். தான் வென்றதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. "அப்பிடியெண்டா இன்னம் கெட்டிக்காரர்தான்," என்றார்.

கதை ஒரு இளம் மனைவியைப் பற்றியது. அவளுக்கு ஆசிரியையாக வேண்டும் என்று ஆசை. புருஷன் வீட்டில் விடவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் ஒரு பெட்டியோடு வெளியேறி ரயிலில் ஏறுகிறாள். அந்த இதழோடு எங்களுக்குப் பத்திரிகை வருவது நின்றுவிட்டது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியிருந்தது. கடதாசித் தட்டுப்பாடு, தபால் ஒழுங்கில்லை என்று கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். தாத்தாவின் கணவர் புறக்கோட்டை முழுவதும் விசாரித்தும் கிடைக்கவில்லை.

அவளை ரயிலில் விட்டுவிட்டு எங்களால் இருக்க முடியவில்லை. ஒரு வாரம் பொறுத்தபின் தாத்தாதான் கேட்டார்: "இப்ப எங்க எறங்கியிருப்பா?"

நான் ஒரு சிறிய ஊரைச் சொன்னேன். தாத்தா அங்கே அவளுக்கு ஒரு பள்ளிக்கூடமும், ஓயாமல் முணுமுணுக்கும் ஒரு வீட்டுக்காரியும், கிணற்றடியைப் பார்த்த ஓர் அறையும் கொடுத்தார். புருஷன் தேடி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

"வரட்டும். வந்தா தேத்தண்ணி ஊத்திக் குடுப்பா. கூடப் போறதா இல்லையா எண்டது அவட விருப்பம்."

"அவர் அழுதால்?"

"அழட்டும். நீங்க எளகாதீங்க தங்கச்சி. நீங்க எளகினா அவளும் எளகிடுவா."

இப்படியே மாதக்கணக்கில் போனது. ஒரு பின்னேரம் கணவர் நேரத்தோடு வந்து குசினி வாசலில் நின்றிருக்கிறார். நான் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஆருடைய வீட்டிலை பிரச்சினை? ஆர் புருஷனை விட்டிட்டுப் போனது?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதிரைக்குப் போனார். இரண்டு நாள் கழித்துத் தேநீர் குடிக்கும்போது, வேறு எதையோ பார்த்துக்கொண்டு, "அந்தப் பெட்டைக்கு வேலை கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம். நிரந்தரமாக்கிப்போட்டினம்," என்றேன். அவர் முகத்தில் ஒரு திருப்தி.

கொழும்பில் குண்டு விழுந்ததும் பாதிச் சனம் நகரத்தைவிட்டுப் போனது. என்னையும் அதற்குள் பிறந்திருந்த எங்கள் பிள்ளையையும் கணவர் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். தாத்தா கம்பளையில் தன் தங்கை வீட்டுக்குப் போனார்.

யாழ்ப்பாணத்தில், சென்னையில் படித்துவிட்டு வந்த உறவினர் ஒருவர் வீட்டில் அந்தத் தொடர்கதை முழுவதையும் கத்தரித்து அழகாகத் தைத்து வைத்திருந்தார்கள். கண்டதும் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரே இருப்பில் வாசித்தேன். அவள் ரயிலிலிருந்து இறங்கியதும் காய்ச்சலில் விழுகிறாள். யாரோ புண்ணியவான் புருஷனுக்குத் தந்தி அடிக்கிறார். அவன் வந்து பெருந்தன்மையோடு அழைத்துப்போகிறான். மாமியார் ஆலாத்தி எடுக்கிறாள். முற்றும். பள்ளிக்கூடமே கதையில் வரவில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒருத்தியை யாரோ வேறு ஆளாக மாற்றிவிட்டது போலிருந்தது.

நிலைமை அடங்கி நான் வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது தாத்தா முன்பே வந்திருந்தார். சுகம் விசாரித்த கையோடு சொன்னேன்: "தாத்தா, முடிவு வாசிச்சிட்டன்."

என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. "புருஷன் வந்து கொண்டு போயிட்டாரா?"

"ஓம். திருப்பி வீட்டை கொண்டுபோய் விட்டிட்டார்."

முழுவதையும் சொன்னேன். தாத்தா குறுக்கே பேசாமல் கேட்டார். காய்ச்சல் வந்த இடத்தில் மட்டும் தலையை ஆட்டினார். ஒரு ரயில் வந்து போனது.

"எழுதின மனுசன் பயந்திட்டார், தங்கச்சி."

"ஆருக்கு?"

"வாசிக்கிறவங்களுக்கு. எங்களப் போல ஆக்களுக்குத்தான். அவள் வேல செஞ்சு தனிய ஈந்தா நாங்க ஏசுவோம் எண்டு நெனச்சிருப்பார். நாங்க என்னத்தச் செஞ்சோம் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

அதுவரை எனக்கு அந்த எழுத்தாளர்மேல் இருந்தது கோபம். தாத்தா சொன்னபின் அது வேறு ஏதோவாக மாறியது. ஊரில் பெயரெடுத்த ஒரு வக்கீல், ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒருத்தியை ரயிலில் ஏற்றிவிட்டார். அதுவரைக்கும் துணிவு வந்திருக்கிறது. மிச்சத்துக்கு வரவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் அவளுக்கு அறை பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்ததை அவர் அறிந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று அன்றிரவு நெடுநேரம் நினைத்துக்கொண்டு கிடந்தேன். வாசிப்பதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று முதன்முதலாக எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

யுத்தம் முடிந்து பத்திரிகைகள் மறுபடி வந்தன. அவர் வேறொரு கதை தொடங்கியிருந்தார். அதையும் வாசித்தோம். முன்னைப்போல வியக்கவில்லை, ஆனால் விட்டுவிடவும் இல்லை.

பிறகு தாத்தா குடும்பத்தோடு தெஹிவளைக்கு வீடு மாறிப் போனார். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். கருப்பட்டி போட்ட வட்டிலப்பம் வைத்துத் தந்துவிட்டு, தான் புதிதாகக் கண்டுபிடித்த எழுத்தாளரைப் பற்றிச் சொல்லுவார். ஒருமுறை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் வந்த சிறுகதையைக் காட்டினார். நன்றாக இருந்தது. எழுதியவர் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறாராம்.

"கிட்டத்தானே தாத்தா, ஒருநாள் போய்ப் பாப்பமோ?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு?" என்றார் தாத்தா. "எழுதட்டும் பாவம். நீங்க ரெண்டாம் பக்கத்தில அந்தப் புள்ள பேசுற எடத்த வாசிங்க, நான் கேக்கிறன்."

நான் வாசிக்கத் தொடங்கினேன்.