மீற்றர் பூட்டிய படகும் நானும்

என் கணவர் படகு வாங்கியதை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அதற்கு எரிபொருள் மீற்றர் பூட்டியதை மன்னிக்கத்தான் கொஞ்சக் காலம் எடுத்தது.

படகென்றால் பெரிதாக எதையும் எண்ணிவிட வேண்டாம். நாலு பேர் முழங்கால் இடிபட இருக்கக்கூடிய அலுமினியப் படகு. பின்னால் ஓர் எஞ்சின், முன்மூக்கில் சாமான் வைக்க மூடி போட்ட ஒரு பெட்டி. கிழமை நாட்களில் அது பென்டில் ஹில்லில் எங்கள் கராஜுக்குள் ட்ரெயிலரில் சொகுசாக இருக்கும். கார்கள் வெளியே மழையில் நனையும். ஞாயிறு காலையில் ஹோக்ஸ்பரி ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போவோம்.

படகு லைசென்ஸ் வகுப்பில் அவருக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்கள். தாங்கியில் இருக்கும் பெற்றோலில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மற்றது எதிர்பாராத சங்கடங்களுக்கு. நல்ல விதிதான். நடு ஆற்றில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ள முடியாதே. ஆனால் இவர் எஞ்சினியர். தண்ணீர் பில்லைப் பார்த்தே வீட்டில் யார் கூட நேரம் குளித்தது என்று சொல்லக்கூடியவர். தாங்கிக்குள் தடி விட்டு அளந்து பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பெற்றோல் குழாயின் நடுவில் சின்னதாக ஒரு சென்சரைப் பூட்டி, ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் திரையும் வைத்தார். ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு லீற்றர் குடிக்கிறது என்று அது விடாமல் காட்டிக்கொண்டே இருக்கும்.

அதன் பிறகு அவர் ஆற்றைப் பார்க்கவில்லை. "அங்கை பாருங்கோ, பெலிக்கன்" என்றால், "புள்ளி ஆறு" என்பார்.

அந்தப் புள்ளி ஆறுதான் பிரச்சினை. இதே எஞ்சின் வைத்திருக்கும் ஆட்கள் இணையத்தில் இதைவிடக் குறைவாகச் சொன்னார்களாம். எங்கள் படகு மட்டும் ஏன் கூடக் குடிக்கிறது? பாரம்தான் காரணம் என்று முடிவெடுத்துக் குற்றவாளியைத் தேடத் தொடங்கினார். நங்கூரத்திலும் லைஃப் ஜாக்கெட்டிலும் சட்டப்படி கை வைக்க முடியாது. அதனால் முதலில் என் ஐஸ் பெட்டியில் கை வைத்தார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: எங்கள் இரண்டு பேருக்காக நான் புட்டு, மீன் கட்லெட், சம்பல், வாழைப்பழம், இரண்டு பிளாஸ்க் தேநீர் எல்லாம் கொண்டுபோவேன்.

"ஏனப்பா இவ்வளவு?"

"ஆரும் வந்தால்?"

"ஆத்துக்குள்ளை ஆர் வரப்போகினம்?"

ஐஸ் பெட்டி போனது. அதன் பின்னால் என் மடக்குக் கதிரை போனது, குடை போனது. புள்ளி ஆறு அசையவில்லை. கடைசியில் அவருடைய பார்வை மெல்ல மெல்ல வந்து என்மேல் நின்றது.

"இஞ்சரும், கோவியாதையும். ஒரே ஒரு நாளைக்கு நீர் கரையிலை நிண்டால் என்ன? சும்மா ஒரு ரெஸ்ற்தான்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடக் கவலைதான் கூட. ஒரு பல் வைத்தியசாலையின் முன்மேசையில் வேலை செய்கிறேன். கிழமை முழுதும் தொலைபேசியும் பல்வலிக்காரருமாகப் போகும். ஆற்றின் இரண்டாவது வளைவு தாண்டினால் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. அங்கே காலை நீட்டிச் சும்மா இருக்கும் அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் சகித்துக்கொள்கிறேன். அதை இந்த மனிதர் ஒரு புள்ளிக்காகப் பறித்துவிடுவார் போலிருந்தது.

அந்த ஞாயிறு துறையில் இறங்கி நின்றேன். பார்த்தால், எனக்குப் பதிலாகக் கெல்லிவில்லில் இருந்து இவருடைய நண்பர் வந்து ஏறுகிறார். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், என்னைவிட ஒன்றரை மடங்கு.

"நான் சும்மா மீட்டர் பாத்துக்கத்தான் வர்றேன்க்கா. அண்ணனால ஓட்டிக்கிட்டே ஸ்கிரீனைப் பாக்க முடியாதில்ல" என்றார். படகு அவர் பக்கம் ஒருமுறை சரிந்து நிமிர்ந்தது.

திரும்பி வந்தும் அதே புள்ளி ஆறு. இனி என்னை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஒருமுறை போதாதாம், சராசரி எடுக்க வேண்டுமாம். அடுத்த ஞாயிறும் கரை. அதற்கடுத்ததும் கரை. துறையோர மர வாங்கில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி, இவரைப் பெற்றோலோடு சேர்த்து எரிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒரு புதன்கிழமை, படகு வாங்கிய புதிதில் சாய்ந்திருக்கவென்று வைத்து, பிறகு மறந்துவிட்ட என்னுடைய தலையணையாவது வீட்டுக்குள் வரட்டும் என்று கராஜுக்குப் போய் முன்மூக்குப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். தலையணைக்கு மேல் அரிசி. பத்துக் கிலோ மூட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, சிவப்புப் பச்சையரிசி. மலிவு விலை போட்டால் இவருக்கு அரிசிக் கடையைத் தாண்டிப் போக முடியாது. குசினியில் இனி இடமில்லை, ஒரு மூட்டைகூட வாங்கக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வாங்கி, என் கண்ணில் படாமல் இங்கே ஒளித்திருக்கிறார். என் கட்லெட்டை நிறுத்துப் பார்த்த மனிதர் இதை மறந்தே போய்விட்டார். என் எடையை இங்கே எழுதமாட்டேன். ஆனால் அந்த மூட்டைகள் எல்லாம் சேர்ந்தால் என்னை மிஞ்சும். அதுவும் மூக்கில் கிடந்தால் படகு தண்ணீரை உழாமல் என்ன செய்யும்?

தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு மூச்சு வாங்க வாங்க ஒவ்வொன்றாகத் தூக்கி என் கார் டிக்கியில் அடுக்கினேன்.

ஞாயிறு காலை, "கடைசியாய் ஒருக்கால் நானும் வாறன். மூண்டு பேரோடை எவ்வளவு குடிக்குது எண்டும் தெரியவேணுமெல்லே" என்றேன். அறிவியல் பூர்வமாகக் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. நடுப்பலகையில் போய் இருந்தேன். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

"அண்ணா, புள்ளி அஞ்சு காட்டுது" என்றார் நண்பர். கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சுக்கும் கீழ" என்றார்.

இவர் சென்சரைத் தட்டினார். குழாயைத் தடவினார். நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு விளக்கத்தோடு திரும்பினார்: என் பாரம் சரியாக நடுவில் விழுகிறதாம், அதனால்தான் மூக்கு உயருகிறதாம். "அப்போ அக்கா இல்லாம படகை எடுக்கவே கூடாதுண்ணா" என்றார் நண்பர். வரும் ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது என்று நான் இழுத்தேன். அந்தக் கிழமை முழுதும் இவர் என்னைக் கெஞ்சினார். கேட்க நன்றாக இருந்ததால் சனிக்கிழமை வரை கெஞ்சவிட்டேன். அரிசி ஏறிய என் கார் அந்நாட்களில் எவ்வளவு குடித்ததோ, அதற்கு மீற்றர் பூட்ட அவருக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு நண்பருக்கு வர வசதிப்படவில்லை. நாங்கள் இருவர்தான். துறையில் கட்டும் கயிறு நைந்திருக்கக் கண்டு, மாற்றுக் கயிறு தேடி இவர் முன்மூக்குப் பெட்டியைத் திறந்தார். குனிந்து உள்ளே கையை விட்டு நாலு பக்கமும் துழாவினார். பிறகு மூடியைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து எஞ்சினை இயக்கினார்.

இரண்டாவது வளைவு தாண்டியது. நான் காலை நீட்டினேன்.

"முன்னுக்கு இருந்த அரிசி..." என்று தொடங்கினார்.

"எந்த அரிசி?"

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை. நீர் அதிலையே இரும்."